விடை சரியானால் போதுமா?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லின் நகரில் ஹான்ஸ் என்னும் குதிரை கணக்குப் போடுவதாகப் பெரும்புகழ் பெற்றிருந்தது. வினாவுக்குரிய விடையை அது குளம்பினால் தட்டிக் காட்டும். வினவுவோருக்கே விடை தெரியாதவாறு செய்து ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்னும் ஆராய்ச்சியாளர் சோதித்தபொழுது குதிரை தோற்றது. மனிதர் தம்மையறியாது காட்டிய மெல்லிய அசைவுகளைக் கண்டே அது தட்டுவதை நிறுத்தியது என அவர் 1907-ல் எழுதினார்.

கணிப்பொறியைக் கொண்டு இசையை ஆராய்வோர்க்கும் இக்கதை நல்லதோர் எச்சரிக்கையாகும். 2002-ல் ட்சனெடாகிஸ், குக் என்னும் இருவர் தம் ஆராய்ச்சியை வெளியிட்டனர். அதனுடன் தொடர்புடைய இசைத் தொகுப்பில் பத்து வகைகள் உள்ளன. வகைக்கு நூறாக, முப்பது விநாடி அளவுள்ள ஆயிரம் துணுக்குகள் அடங்கியுள்ளன. இதைக் கொண்டு எத்தனையோ கணிப்பொறி முறைகள் சோதிக்கப்பட்டு, உயர்ந்த மதிப்பெண்களும் பெற்றன. பின்னர் பாப் ஸ்டர்ம் என்பார் தொகுப்பையே ஆராய்ந்தார். ஒரே துணுக்கு இருமுறை வந்திருந்தது. சில துணுக்குகள் தவறான வகையில் வைக்கப்பட்டிருந்தன. ரெகே வகையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு பாப் மார்லி ஒருவருடையதாகவே இருந்தது.

ஒரே பாடகரின் துணுக்குகள் பயிற்சியிலும் தேர்விலும் இடம்பெறுமாயின், கருவி கற்றது இசை வகையையா, அப்பாடகரின் குரலையா? மதிப்பெண் இதற்கு விடை கூறாது. 2014-ல் ஸ்டர்ம் வெளியிட்ட சோதனையில், கேட்போர்க்கு இசை வகை மாறாதவாறு ஒலியைச் சிறிதே திருத்தியதும் கருவியின் விடை மாறிவிட்டது.

“காரணம் எதுவாயினும், விடை சரியானால் போதாதா?” எனச் சிலர் கேட்கலாம். அத்தொகுப்பின் எல்லைக்குள் போதும். அதற்கு வெளியே அவ்விடையை நம்புவதற்கு ஆதாரமில்லை. நீர்வளமிக்க ஒரே வயலில் நன்கு விளைந்த விதையை எல்லா நிலத்துக்கும் ஏற்றதென எந்த வேளாண்மை ஊழியரும் பரிந்துரைக்க மாட்டார்.

மொழிபெயர்ப்பாளனாகிய எனக்கும் இதில் பங்குண்டு. “கருவி இசையை உணர்கிறது” என ஒருமுறை எழுதிவிட்டுப் பின்னர் அடித்தேன். “இத்தொகுப்பில் இத்தனை துணுக்குகளுக்குச் சரியான பெயர் இட்டது” என்பதே சோதனை காட்டிய உண்மை. வினைச்சொல் ஒன்று மிகுந்தால் முடிவும் மிகுந்துவிடும்.

ஆகவே ஆசிரியர்கள், மாணவர் ஒரு சோதனையின் முடிவைக் கூறும்போது, “இதே விடை வேறெந்தக் காரணத்தால் வந்திருக்கக்கூடும்?” எனக் கேட்கப் பழக்குதல் வேண்டும். அக்காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கிய பின்னரே முடிவு கூற நமக்கு உரிமை உண்டு.