இரண்டாவது கார்

நம் ஜனங்களுக்குப் பழைய பொருள்களின் மீது வெறுப்பு என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பாட்டி போட்டிருந்த அட்டிகையைப் பேத்திக்குப் போட்டு அழகு பார்க்கிறோம். செட்டிநாட்டில் ஒரு வீடு இடிபட்டால் அதன் தேக்குத் தூணுக்குப் போட்டி போட்டுக்கொண்டு விலை கேட்கிறோம். அரிசியில்கூடப் பழைய அரிசிக்குத்தான் மரியாதை. ஆனால் ஒரு மனிதர் பழைய கார் ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்திவிட்டால் மாத்திரம், தெருவே துக்கம் விசாரிக்கிற முகத்தோடு வந்து நிற்கிறது. "ஏன் அண்ணாச்சி, கொஞ்சம் கூடப் போட்டுப் புதுசாவே எடுத்திருக்கலாமே?" என்று கேட்கிறது. அந்தக் 'கொஞ்சம் கூட' என்ற இரண்டு வார்த்தைகளின் மீதுதான் எனக்குக் கோபம்.

மகாராஜபுரம் என்றதும் சங்கீத ரசிகர்களுக்குத் தஞ்சைச் சீமை ஞாபகம் வரும். நான் சொல்வது வேறு மகாராஜபுரம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே, வத்திராயிருப்புப் பக்கத்தில், சதுரகிரி மலையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிற ஊர். ஆடி அமாவாசைக்கு மலையேற வருகிற ஜனங்களால் இந்தப் பக்கத்துச் சாலைகள் நிரம்பி வழியும். மற்ற நாட்களில் பஸ் வருகிற நேரத்தைப் பார்த்துத்தான் இங்கே பிழைப்பு நடக்கிறது.

இந்தப் பக்கத்து நடுத்தரக் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஏற்கெனவே ஒரு கார் இருக்கிறது. தவணையில் வாங்கிய புதுக் கார். குடும்பத் தலைவர் அதை எடுத்துக்கொண்டு காலையில் ராஜபாளையத்துக்கு வேலைக்குப் போய்விடுகிறார். அவர் தலை மறைந்ததும் அந்த வீடு வாகனம் இல்லாத வீடு. கண் ஆபரேஷன் செய்துகொண்ட மாமியாரை ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரிடம் காட்ட வேண்டும். தோப்புக்கு உர மூட்டை வர வேண்டும். இருட்டிய பிறகு டியூஷன் முடிந்து வருகிற பெண்ணை அழைத்து வர வேண்டும். இத்தனை காரியங்களும் பஸ் நிறுத்தத்தில் காத்து நிற்கின்றன.

இரண்டாவது கார் என்பது இந்தக் காரியங்களுக்காக வருவது. முதல் கார் கல்யாணத்துக்குக் கட்டுகிற பட்டு என்றால், இரண்டாவது கார் அடுப்படிச் சேலை. பட்டைக் கட்டிக்கொண்டு யாரும் மாவு அரைப்பதில்லை. அப்படியிருக்க, உர மூட்டை சுமக்கவும் பத்து மைல் போய் வரவும் எதற்காகப் புத்தம் புதிய வண்டி?

கணக்கைப் பார்ப்போம். 6 லட்ச ரூபாயை 9 சத வட்டிக்கு ஏழு வருஷத் தவணையில் கடன் வாங்கினால், மாதம் சுமார் 9,650 ரூபாய் கட்ட வேண்டும். 84 மாதங்களில் மொத்தம் 8 லட்சத்து 10 ஆயிரத்துக்கு மேல். வட்டி மட்டும் 2 லட்சத்து 10 ஆயிரம். அந்த வட்டிப் பணத்துக்கே ஓடக்கூடிய பழைய சிறு கார் ஒன்று கிடைத்துவிடும்! 'கொஞ்சம் கூட' என்று தெருவில் நின்று சொன்னவர் இந்த 84 மாதங்களில் ஒரு மாதத் தவணையையாவது கட்ட வரப் போகிறாரா?

"பணத்தை விடுங்கள், கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே?" என்பார்கள். இந்தக் கௌரவம் எப்படிப்பட்டது என்பதற்கு நம் தேசத்திலேயே ஒரு கதை இருக்கிறது. ஸ்கூட்டரில் நெருக்கியடித்துப் போகிற குடும்பங்களைப் பார்த்து மனம் இரங்கி, ரத்தன் டாடா 2008-இல் ஒரு லட்ச ரூபாய்க் காரை உலகத்துக்குக் காட்டினார். 2009-இல் நானோ விற்பனைக்கு வந்தது. சில வண்டிகள் தீப்பற்றியது அதன் பெயரைக் கெடுத்தது உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய பழி, 'உலகத்திலேயே மலிவான கார்' என்ற பட்டம். அந்தப் பட்டத்தைச் சூட்டி விற்றது தவறு என்று ரத்தன் டாடாவே பின்னால் சொன்னார். மலிவான காரில் ஏறுவதைவிட ஸ்கூட்டரில் நனைந்துகொண்டு போவதே மேல் என்று நம் ஜனங்கள் தீர்மானித்துவிட்டார்கள். 2018-இல் அதன் உற்பத்தி நின்றது. பிறர் கண்ணுக்குப் பயந்து மழையில் நனைகிறவர்களைக் கௌரவஸ்தர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதற்கு மாறாக மாருதி 800 என்ன செய்தது? 1983 டிசம்பரில் இந்திரா காந்தி முதல் வண்டியின் சாவியைக் கொடுத்தார். 796 சி.சி. எஞ்சினோடு 2014 வரை முப்பது வருஷம் தேசமெங்கும் ஓடியது. அது போனாலும் அதன் வழியில் வந்த ஆல்ட்டோ இருக்கிறது. 1998-இல் நம் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து புறப்பட்ட பழைய சான்ட்ரோக்கள் இருக்கின்றன. எந்த வண்டியின் மூடியைத் திறந்ததும் நம் ஊர் மெக்கானிக் சிரிக்கிறாரோ, எந்த வண்டியின் சாமானுக்கு மதுரைக்கு ஆள் அனுப்ப வேண்டாமோ, அதுவே இரண்டாவது காருக்கு லாயக்கான வண்டி. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய சீமைக் காரை வாங்குகிறவர், யானையை இனாமாக வாங்கியவர்தான். தீனி போட்டு மாளாது.

எதிர்க்கட்சியில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. பாதுகாப்பு என்ற ஒரு கேள்வி இருக்கிறது, அது விளையாட்டல்ல. 2019 ஜூலை முதல் தேதியிலிருந்து விற்கிற எல்லாப் புதுக் கார்களிலும் ஓட்டுகிறவருக்குக் காற்றுப்பை கட்டாயம். அதற்கு முந்திய மலிவுக் கார்கள் பலவற்றில் அது கிடையாது. ஆகவே அந்த வண்டிகளை உள்ளூர் வேலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நாற்கரச் சாலையில் சென்னைக்கு விரட்டாதீர்கள். இந்த ஒரு காரணத்துக்காகக் 'கொஞ்சம் கூட'ப் போட்டு, 2019-க்குப் பிந்திய வண்டியைத் தேடுகிறவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

இரண்டாவது கேள்வி புகை. கக்குகிற புகையைச் சோதித்துத் தண்டியுங்கள் என்று சர்க்காரை நானும் கேட்கிறேன். ஆனால் சர்க்கார் செய்வது என்ன? 15 வருஷம் ஆன காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணத்தை 2022 ஏப்ரலில் 5,000 ஆக்கியது. 20 வருஷத்தைத் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கியது. வாரத்துக்கு இரண்டு தடவை சந்தைக்குப் போய் வருகிற, ஒழுங்காகப் பராமரித்த வண்டிக்கும் இதே அபராதம்தான். இது புகைக்கு வரி அல்ல, வயதுக்கு வரி. பழைய வண்டி வாங்குகிறவர் இந்தத் தொகையையும் விலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டியதுதான்.

வாங்குகிற விதத்திலும் நம்மவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. டயரைக் காலால் ஓர் உதை உதைத்துவிட்டு, கதவைப் படாரென்று சாத்திப் பார்த்துவிட்டு, நிபுணரைப்போல் தலையாட்டுவார்கள். அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. தெரிந்த மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு, காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது என்று அர்த்தம். மீட்டர் குறைந்த மைல் காட்டி, பிரேக் மிதியின் ரப்பர் தேய்ந்திருந்தால் ரப்பரை நம்புங்கள். மீட்டரைத் திருப்பலாம், தேய்ந்த ரப்பரைத் திருப்ப முடியாது. காலடி விரிப்பைத் தூக்கித் துருவைத் தேடுங்கள்.

எஞ்சினைவிட முக்கியம் காகிதம். ஆர்.சி.யில் உள்ள எண்ணும் சேஸிஸ் எண்ணும் ஒன்றா, பாங்குக் கடன் ரத்தாகியிருக்கிறதா, இன்ஷூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். சட்டப்படி விற்றவர் 14 நாளைக்குள்ளும் வாங்கியவர் 30 நாளைக்குள்ளும் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குத் தெரிவிக்க வேண்டும். "தெரிந்த மனுஷர்தானே, பெயர் மாற்றம் மெதுவாகப் பார்த்துக்கலாம்" என்ற தாட்சண்யம் வேண்டாம். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்துக்குப் பொறுப்பாளி என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

கடைசியாக ஒன்று. பழைய காரைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் யார் என்று கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் சட்டைப் பையில் ஏற்கெனவே ஒரு சாவி இருக்கிற ஆண்பிள்ளைகள். சாவி இல்லாதவள் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறாள்; அவளுடைய அபிப்பிராயத்தை யாரும் கேட்பதில்லை. வீட்டுப் புதுக் காரை அவள் தொட்டால் கீறல் விழுந்துவிடும் என்று அவருக்குப் பயம். பழைய காரில் விழுகிற கீறலோ, முன்பே விழுந்த கீறல்களுக்குத் துணையாகப் போய்ச் சேரும்; அதற்காக வீட்டில் யாரும் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டார்கள். பயமில்லாமல் பழகுவதற்கு அதைவிடத் தோதான வண்டி கிடையாது. ராத்திரி பத்து மணிக்குக் குழந்தைக்கு ஜுரம் கண்டால், ராஜபாளையத்துக்குப் போன் போட்டுக் காத்திருக்காமல் அவளே எடுத்துக்கொண்டு புறப்படலாம்.

மகாராஜபுரத்தில் குடியிருப்பதற்காக எல்லோரும் மகாராஜாவாக வேண்டியதில்லை. கடன் இல்லாமல், காகிதம் சுத்தமாக, ஒரு சின்னப் பழைய காரை வாங்குங்கள். சாவியை வீட்டுக்காரியிடம் கொடுங்கள். துக்கம் விசாரிக்க வருகிறவர்களுக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்து அனுப்பினால் போதும்.