சின்ன வண்டி, பெரிய விலை!

பெங்களூரிலே பிறந்தது ஒரு குட்டிக் கார். பெயர் ரேவா, ஆண்டு 2001. பெட்ரோல் வேண்டாம், புகை கிடையாது, வீட்டுச் சுவரிலே செருகினால் போதும், 80 கிலோமீட்டர் ஓடும் என்றார்கள். இங்கே அதை வாங்கியோர் மிகச் சிலர். இலண்டன் மாநகரோ கைநீட்டி வரவேற்றது! அந்நகரின் நடுப்பகுதியிலே நுழையும் கார்களுக்கு 2003ல் கட்டணம் விதித்தார்கள். மின்சாரக் காருக்கு விலக்களித்தார்கள். கட்டணத்தை மிச்சம் பிடிக்க நினைத்த கனவான்கள், 'ஜீ-விஸ்' என்ற புதுப்பெயரோடு கடல் கடந்து வந்த பெங்களூர்ப் பிள்ளையைத் தத்தெடுத்துக்கொண்டனர். பெற்ற வீட்டிலே புறக்கணிப்பு, பிறத்தியார் வீட்டிலே பாராட்டு!

பிறகு 2020ல் சீனாவிலே, குவாங்சி மாநிலத்து லியூசோ நகரிலே, இன்னொரு குட்டி வந்தது: ஊலிங் மினி. மூன்று மீட்டர்கூட நீளமில்லை. நான்கு பேர் அமரலாம். விலை 28,800 யுவானில் தொடங்கிற்று. அன்றைய மதிப்பிலே ஏறக்குறைய 3 லட்சம் ரூபாய்! 2021ல் மட்டும் 3,50,000க்கும் மேல் விற்றது. மந்திரமா, மாயமா? இரண்டுமில்லை. 9.3 யூனிட் கொள்ளும் சிறு மின்கலம், 120 கிலோமீட்டர் ஓட்டம், அவ்வளவே. மலிவு வண்டியிலே விபத்தில் உயிர்காக்கும் காற்றுப் பைகூட முதலில் இல்லை; அந்தக் குறையை நாம் மூடி மறைக்கவில்லை. ஆனால் நகராட்சி செய்ததைப் பாருங்கள். சின்ன வண்டியை மக்களிடம் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தது; அதற்கென்றே நிறுத்துமிடம் ஒதுக்கிற்று; அங்கேயே மின்சாரம் ஏற்ற வசதியும் செய்தது. வண்டி விற்றதற்கு விலை பாதிக் காரணம், தெருவோரத்து மின்செருகி மறுபாதி.

அந்த ஊலிங் குடும்பத்துக் கார்தான் 'காமெட்' என்ற பெயரிலே 2023ல் இந்தியாவுக்கு வந்தது. நீளம் அதே மூன்று மீட்டருக்குள்; கதவு இரண்டே. விலை? 7 லட்சத்து 98 ஆயிரம்! மின்கலம் பெரிது, 17.3 யூனிட், காற்றுப் பையும் உண்டு, ஒப்புக்கொள்கிறோம். அதற்காக இவ்வளவா? 2024ல் ஒரு வழி கண்டார்கள்: வண்டி 4 லட்சத்து 99 ஆயிரம், மின்கலத்துக்குக் கிலோமீட்டருக்கு இரண்டரை ரூபாய் வாடகை. குதிரையை விற்றுவிட்டுக் காலுக்கு வாடகை கேட்கும் வியாபாரம்!

டில்லி சர்க்கார் சும்மா இருந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. 2019 ஆகஸ்டிலே மின்சாரக் கார் மீதான சரக்கு வரியை 12லிருந்து 5 விழுக்காடாகக் குறைத்தது. நல்லதுதான். ஆனால் தோழர்களே, கோடி ரூபாய்க் காருக்கும் அதே 5தான்! பெரிய கார் வாங்குவோன் மிச்சப்படுத்துவது லட்சக்கணக்கிலே. சின்ன கார் வாங்குவோனுக்கு ஆயிரக்கணக்கிலே. நேரடி மானியமோ, 2019ல் வந்த திட்டத்திலே வாடகைக் கார்களுக்கு மட்டுமே கிடைத்தது. சொந்த உபயோகத்துக்கு வாங்குவோனுக்கு இல்லை. 2024 அக்டோபரிலே வந்த திட்டத்திலே காருக்கு மானியமே இல்லை. பஸ்ஸுக்கும் மூன்று சக்கர வண்டிக்கும் பணம் ஒதுக்கினார்கள். அதை நாம் குறை கூறோம். பாட்டாளிக்கு முதலில் வேண்டியது பஸ்தானே! 2025 செப்டம்பரிலே சின்ன பெட்ரோல் காரின் வரியும் 28லிருந்து 18 ஆக இறங்கிற்று. மின்சாரக் காருக்கிருந்த சலுகை இடைவெளி சுருங்கிவிட்டது.

இதையெல்லாம் தாண்டி ஒரு தொழிலாளி கடனோ உடனோ வாங்கி அந்த வண்டியைக் கொண்டுவந்துவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். மனைவியையும் இரு பிள்ளைகளையும் ஒரே ஸ்கூட்டரிலே, மழையிலும் லாரிக்கு நடுவிலும் ஏற்றிச்சென்றவன் அவன். அவன் ஆசைப்பட்டதிலே தவறென்ன? ஆனால் எங்கே நிறுத்துவான்? ஒண்டுக் குடித்தனம், ஆறு குடும்பத்துக்கு ஒரு வாசல். எதிலே செருகுவான்? மின்கலம் நிரம்ப 17 யூனிட்டுக்கு மேல் ஆகும். மீட்டர் வீட்டுக்காரர் பெயரிலே. லியூசோ நகராட்சி தெருவோரத்திலே வைத்த அந்த மின்செருகியை, நம் நகராட்சிகள் எந்தத் தெருவிலே, எந்த ஆண்டிலே வைக்கப்போகின்றன? அதைத்தான் கேட்கிறோம்.