சந்திரமதி ஆர் வீட்டுப் பிள்ளை?



அடுத்த இதழை அரங்கச் சிறப்பிதழாகக் கொண்டுவர எண்ணியிருக்கிறோம். ஆசிரியர் குழுவில் இந்தப் பேச்சைத் தொடங்கியதுமே எல்லார் வாயிலும் ஒரே பெயர்தான் வந்தது: நடிகமணி வி. வி. வைரமுத்து. வராமல் இருக்குமா? 1924 இல் காங்கேசன்துறையில் பிறந்து, வசந்த கான சபாவை நடத்தி, ஊரூராய் மேடை கண்டவர். 1989 இல் அவர் மறைந்த பிறகும் எங்கள் ஆட்களுக்கு அரிச்சந்திரன் என்றால் அவர் முகம்தான். குழுவில் ஆக இளையவரான தங்கச்சி ஒருத்தி மட்டும் இடையில் கேட்டா: "அவருக்கு முன்னால நிண்டு அழுத சந்திரமதி ஆர்?"

ஆளுக்கொரு பெயர் சொன்னோம். ஒவ்வொருவரும் அரிச்சந்திர மயான காண்டத்தை வேறு வேறு ஊரில், வேறு வேறு ஆண்டில் பார்த்தவர்கள். எல்லாருக்கும் அரிச்சந்திரன் ஒருவர். சந்திரமதி மட்டும் பலர். அந்தப் பலருக்காகத்தான் இந்தப் பக்கத்தை எழுதுகிறேன்.

மயான காண்டம் பார்த்தவர்களுக்குக் கதை சொல்லத் தேவையில்லை. தருப்பை பிடுங்கப் போன மகன் லோகிதாசனைப் பாம்பு தீண்டிவிட, செத்த பிள்ளையைச் சுமந்துகொண்டு சந்திரமதி சுடலைக்கு வருகிறாள். கால்பணம், முழத்துண்டு, வாய்க்கரிசி கேட்டு மறிக்கிறான் காவல்காரன். அவளிடம் ஒன்றும் இல்லை. கழுத்தில் தாலி இருக்கிறதே, அதை விற்றுக் கொடு என்கிறான். கட்டியவன் கண்ணுக்கு மட்டுமே தெரியக்கூடிய தாலி அது. பிள்ளை செத்த துயரம், யாரோ ஒரு சுடலை காப்பவன் தன் தாலியைக் கண்டுவிட்டானே என்ற பதைப்பு, அப்படியானால் இவன்தான் தன் அரிச்சந்திரன் என்ற தெளிவு, மூன்றும் சந்திரமதியின் முகத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழவேண்டும். நாடகத்தின் பாரம் முழுவதும் அரிச்சந்திரன் தலையில் இருப்பதாக நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அந்த இடத்தில் சந்திரமதி சறுக்கினால் எந்த அரிச்சந்திரனாலும் மீட்க முடியாது என்பதே என் எண்ணம்.

அந்தச் சந்திரமதி மீசை வழித்த ஓர் ஆண். பகலில் கடலுக்கோ தோட்டத்துக்கோ சுருட்டுக் கொட்டிலுக்கோ போய்வந்த ஆள். பொழுதுபட்டதும் முத்துவெள்ளை பூசி, அக்காவின் சேலையோ மனைவியின் சேலையோ இரவல் வாங்கிச் சுற்றிக்கொண்டு பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில் வந்து நிற்பார். ஒலிவாங்கி வருமுன்னர் கடைசி வரிசைக்குப் பாட்டுக் கேட்கவேண்டுமென்றால் உச்சக் கட்டையில்தான் எடுக்கவேண்டும். அரிச்சந்திரனுக்கு ஆர்மோனியக்காரர் வைத்த சுருதிதான் சந்திரமதிக்கும். கள்ளக்குரல் எடுத்துப் பெண்போலக் கீச்சிடும் வேலை நல்ல நடிகர்களிடம் கிடையாது. திறந்த தொண்டையில் பாடுவார்கள். பெண்மை குரலின் உயரத்தில் இல்லை, இழுவையில் இருந்தது. சிறுவயதில் நான் பார்த்த ஒரு சந்திரமதி, பிள்ளையை நிலத்தில் கிடத்தியபின் அழுத அழுகையைக் கேட்டுப் பக்கத்தில் பாயில் இருந்த ஆச்சி சொன்னா: "உவன் செத்தவீட்டில நிண்டு படிச்சிருக்கிறான்." அதைவிடப் பெரிய விமர்சனத்தை நான் எந்தப் பத்திரிகையிலும் வாசித்ததில்லை.

காத்தவராயன் கூத்தில் கதை வேறு. அங்கே ஓர் இரவுக்குள் ஒரே பாத்திரத்தைப் பலர் பங்குபோட்டு ஆடுவார்கள். முன்னிரவில் மெலிந்த மாரியம்மன், சாமம் கழிய உருண்டு திரண்ட மாரியம்மன். ஆரியமாலையும் அப்படித்தான். சனம் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. அம்மன் கோயில் வாசலில் நேர்த்திக்காக ஆடுகிற கூத்தில் ஆள் முக்கியமில்லை, வேடம்தான் முக்கியம். மாரியம்மனாக ஆடும் ஆணைப் பார்த்துக் கைகூப்பிய கிழவிகளை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

இதையெல்லாம் கிளறிவிட்டது யப்பானியக் கபுக்கி நாடக நடிகர் பண்டோ தமசபுரோ பற்றி அண்மையில் நான் பார்த்த ஓர் ஆவணப்படம். கபுக்கியைத் தொடங்கியதே பெண்கள்தான் என்பார்கள். 1629 இல் ஆட்சியாளர் பெண்களை மேடையிலிருந்து விலக்கினர். அவர்கள் இடத்துக்கு வந்த இளம் பையன்களுக்கும் 1652 இல் தடை வந்தது. மிஞ்சியவர்கள் வளர்ந்த ஆண்கள். பெண் வேடத்தை அவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேய்த்து மெருகேற்றி, ஒன்னகாட்டா என்ற தனிக் கலையாகவே ஆக்கிவிட்டார்கள். தோள்களைப் பின்னே இழுத்துத் தாழ்த்துவது, முழங்கால்கள் விலகாமல் இருக்க நடுவே காகிதத்தைப் பிடித்தபடி நடந்து பழகுவது, கால்விரல்களை உள்நோக்கித் திருப்பி அடிவைப்பது என்று பயிற்சி சிறு வயதிலேயே தொடங்குகிறது. பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் புகழ்பெற்ற யொஷிசவா அயாமே என்ற நடிகர், பெண் வேடக்காரன் மேடைக்கு வெளியிலும் பெண்ணாகவே இருந்து பழகவேண்டும் என்று போதித்தவர்.

தமசபுரோ 1950 இல் பிறந்தவர். கபுக்கிக் குடும்பத்துப் பிள்ளை அல்ல. இளம்பிள்ளைவாதம் தாக்கிய காலுக்குப் பயிற்சியாகத்தான் நடனம் பழகத் தொடங்கினார். மொரித்தா கன்யா என்ற கபுக்கிப் பரம்பரைப் பெயரைப் பதினான்காவதாகத் தாங்கியவர் அவரைத் தத்தெடுத்தார். பெண் வேடத்துக்கு உயரம் கூடிப்போன ஆள். முழங்காலை மடித்து, உடலைத் தாழ்த்தி, அந்த உயரத்தையே ஒரு நளினமாக மாற்றிக்கொண்டார். கொக்காக வந்து பனியில் துடித்து விழும் பெண்ணாக அவர் ஆடும் நடனம் உலகப் புகழ் பெற்றது. ஷேக்ஸ்பியரின் மக்பெத் சீமாட்டியாக நடித்தார். போலந்து இயக்குநர் வாய்தாவின் 'நஸ்தாசியா'வில் நாயகன் நாயகி இருவரும் அவரே. 2012 இல் யப்பான் அரசு அவரை வாழும் தேசியச் சொத்தாக அறிவித்தது.

எனக்குப் பொறாமையாக இருந்தது அவருடைய புகழல்ல, பெயர். அவர் ஐந்தாவது தமசபுரோ. 1964 இல் பதினான்கு வயதில் அந்தப் பெயரை ஏற்றார். அவருக்கு முன் நாலு பேர் அதைச் சுமந்திருக்கிறார்கள். கபுக்கியில் ஒரு நடிகர் இறந்தாலும் பெயர் சாவதில்லை, இன்னொரு தோளுக்கு மாறுகிறது. எங்கள் ஊரிலும் பெயர் கொடுத்தார்கள்தான். நல்லாய் அழுதவனை ஊரே "சந்திரமதி" என்று கூப்பிட்டது. மரியாதையாய்ச் சிலர், நக்கலாய்ப் பலர். பிள்ளைகளின் பள்ளிக்கூட வாசல் வரைக்கும் அந்தப் பட்டம் தொடர்ந்தது. இதை மூடிவைத்துவிட்டுக் கலை, கலை என்று நான் உருகுவது நியாயமில்லை.

பெண் ஏன் மேடை ஏறவில்லை என்பதும் அப்படித்தான். இங்கே யாரும் சட்டம் போட்டுத் தடுக்கவில்லை. கூத்தாடி என்ற சொல்லே போதுமாயிருந்தது. ஆடியவர்களைச் சாதி பார்த்துக் கொட்டகைக்கு வெளியே தள்ளிவைத்த ஊர், தன் பெண்களை உள்ளே விடுமா? தமிழ்நாட்டில் 1920களிலேயே கே. பி. சுந்தராம்பாள் போன்றவர்கள் மேடையை ஆண்டார்கள். கொழும்புக்கும் வந்து பாடினார்கள். அங்கேயும் சங்கரதாஸ் சுவாமிகள் 1918 இல் மதுரையில் தொடங்கியது பையன்கள் கம்பனிதான். அங்கே வளர்ந்த ரி. கே. சண்முகம் பின்னாளில் ஔவைக் கிழவியாக நடித்து, ஔவை சண்முகம் என்றே அறியப்பட்டார். கமல்ஹாசன் 1996 இல் தன் படத்துக்கு வைத்த பெயர் அவர் நினைவில்தான். சிவாஜி கணேசன் நாடகக் கம்பனியில் முதலில் கட்டிய வேடம் சீதை. அங்கே பெண் வேடம் ஒரு படிக்கல், ஏறிப் போய்விடலாம். எங்கள் ஊர்ச் சந்திரமதிக்குப் போக வேறு இடம் இருக்கவில்லை.

இன்று நிலைமை தலைகீழ். தமிழ்த்தினப் போட்டிக்கு எங்கள் மகளிர் கல்லூரிகள் கூத்துப் போட்டால், கிரீடம் வைத்து மீசை கீறி அரசனாகக் குதிக்கிறவள் ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை. பார்க்க வெகு சந்தோசம்.

ஆய்வு நூல்களிலும் மலர்களிலும் பெண் வேடக்காரர் சிலருடைய பெயர்கள் பதிவாகியிருக்கின்றன. ஊர்களில் இருந்தவர்களோ அதைவிடப் பல மடங்கு. 1990 இல் வலிகாமம் வடக்கு வெறிச்சோடியபோதும், 1995 ஐப்பசியில் வலிகாமம் முழுவதுமே தென்மராட்சிக்கு நடந்தபோதும், எடுத்துக்கொண்டு போனது உடுப்பும் உறுதியும் அடையாள அட்டையும். சேலையோடு நின்ற அப்புவின் படத்தை யார் எடுத்திருப்பார்கள்? பாட்டுக் கொப்பிகள் கறையான் தின்ன, வீடுகளே இல்லாமல் போயின. இனி மிச்சமிருப்பது உங்கள் நினைவும், ஒருவேளை கனடாவிலோ லண்டனிலோ ஒரு மாமி வீட்டு அல்பத்தில் ஒட்டியிருக்கும் படமும்தான்.

ஆகவே வாசகர்களே, உங்கள் ஊரில் சந்திரமதியாக, ஆரியமாலையாக, சாவித்திரியாக, ஞானசௌந்தரியாக நடித்த ஆண்களைப் பற்றி எழுதி அனுப்புங்கள். பெயர், ஊர், எந்த அண்ணாவியாரிடம் பழகினார், எந்தக் கோயில் வீதியில் ஆடினார், பகலில் என்ன தொழில், வீட்டார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் வேண்டும். குடும்பத்தாரின் சம்மதத்தோடு மட்டுமே வெளியிடுவோம். பாசையூர், குருநகர், நாவாந்துறைப் பக்கத்துக் கத்தோலிக்க நாட்டுக்கூத்துகளில் அரசியாக நின்றவர்களையும் விட்டுவிடாதீர்கள். படங்களைப் பிரதி எடுத்து, பதிவுத் தபாலில் திருப்பி அனுப்புவோம். எழுதமுடியாத வயதில் இருக்கும் பெரியவர்கள் இருந்தால் ஒரு தகவல் போதும். ஒலிப்பதிவுக் கருவியோடு வீட்டுக்கே வருகிறோம். தங்கச்சிதான் வருவா. அவவுக்கு ஒரு பாட்டாவது பாடிக் காட்டச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்