சதுரங்க யந்திரமும் பரீக்ஷைத் தாளும்

சதுரங்கம் ஆடும் கம்ப்யூட்டர் நிரல்களின் வல்லமையை அளப்பதற்கு நெடுநாளாக வழங்கிவரும் முறை ஒன்றுண்டு. உபாயம் மறைந்து கிடக்கும் நிலைகள் பலவற்றைத் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் இத்தனை விநாடி என்று கெடு விதித்து, எத்தனைக்கு நிரல் சரியான நகர்த்தலைக் கண்டதென்று எண்ணி மதிப்பெண் இடுவார்கள். பிரெட் ரெய்ன்பெல்டு 1945-ல் வெளியிட்ட 300 புதிர்கள் இவ்வாறே பல நிரல்களுக்குப் பரீக்ஷைத் தாளாயின. மதிப்பெண் மிகுந்த நிரலே ஆட்டத்திலும் வல்லது என்று முடிவு கட்டுவோர் பலர். அம்முடிவு தவறென்பது நமது அபிப்பிராயம்.

விடைத்தாள் பிழையற்றதென்று யார் சொன்னது? அப்புதிர்களுக்கு விடை வகுத்தது மனித புத்தி. அவற்றுட் சிலவற்றில் வேறு நகர்த்தலும் வெல்லுமென்று பின்வந்த யந்திரங்கள் காட்டிவிட்டன. அவ்வாறு வேறு வழி கண்ட நிரலுக்குப் பூஜ்யம் போட்டால் குற்றம் யாருடையது? இதற்கு நேர்மாறான அநீதியும் உண்டு. ராணியைப் பலியிடுவதே விடையென்று வைத்துக்கொள்வோம். பலிக்குப் பின்வரும் மாத்தைக் காணாமல், வேறெதையோ எண்ணி அந்நகர்த்தலைச் செய்த நிரலும் முழு மதிப்பெண் பெறுகிறது. காரணம் கூறாத தீர்ப்பு அப்பீலில் நிற்பது அரிது. இங்கோ அதற்குக் கைதட்டுகிறார்கள்!

இவற்றினும் பெரிய விஷயம் வேறு. எந்த நல்ல நிரலும் எல்லாக் கிளைகளையும் ஆராய்வதில்லை. வீணென்று தோன்றுவனவற்றை வெட்டித் தள்ளியே ஆழத்திற் செல்கிறது. எதிரிக்கு ஒரு முறையை இனாமாக விட்டுக்கொடுத்தும் தன் நிலை மேலாகவே நிற்குமானால் அக்கிளையை மேலும் ஆராயவேண்டுவதில்லை என்பது அவ்வெட்டுக்களில் ஒன்று. ஆட்டத்தில் இது பெரும்பாலும் பலிக்கும். ஆனால் நகர்த்தியே தீரவேண்டுமென்பதே கேடாய் முடியும் நிலைகளும் உள. இறுதியாட்டத்திற் காணும் இந்நிர்ப்பந்தத்தின்மீது புதிர் இயற்றுவோருக்கு அலாதிப் பிரியம். அங்கே இந்த வெட்டு நிரலை ஏமாற்றிவிடுகிறது. வெட்டை அடியோடு நீக்கினால் அப்புதிர் அவிழும். ஆனால் தேடல் மந்தமாகி, ஆட்டங்களில் தோல்வி மிகும். மதிப்பெண்ணுக்கே புகழென்றால் நிரலாசிரியன் எதைத் தெரிந்தெடுப்பான்?

1982-ல் இவான் பிராட்கோவும் டேனி கோபெக்கும் 24 நிலைகள் கொண்ட பரீக்ஷை ஒன்றை வெளியிட்டார்கள். பாதி உபாயம், மறுபாதி, காலாள்களைத் தக்க தருணத்தில் முன்தள்ளி எதிரியின் அமைப்பை உடைக்கும் யுக்தி. இரு பாதிகளையும் தனித்தனியே எண்ணினால் நிரலின் குறை எங்கே என்பது விளங்கும். இதை நாம் மெச்சுகிறோம். ஸ்டாக்பிஷ் நிரலை வளர்ப்பவர்கள் 2013 முதல், செய்யும் மாற்றத்தைப் பழைய நிரலோடு ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் ஆடவிட்டே ஏற்கிறார்கள்.

புதிர்களை எறிந்துவிடச் சொல்லவில்லை. நேற்றுவரை எளிதில் அவிழ்த்த புதிரில் இன்று நிரல் தடுமாறினால், புதிதாக எழுதியதில் பிழை புகுந்திருக்கக்கூடும். அதைக் கண்டுபிடிக்க இவை நல்ல கருவி. ஆனால் மதிப்பெண்ணைப் பிரசுரிப்போர், தவறிய நிலைகள் எவை, அளித்த அவகாசம் எவ்வளவு, ஓட்டிய யந்திரத்தின் வேகம் யாது என்பனவற்றையும் உடன் அச்சிடக் கடவர்.