படிக்கட்டை இயற்கை கட்டவில்லை

சில ஆண்டுகளாகத் தமிழில் நடைப்பயணக் கட்டுரைகள் பெருகியிருக்கின்றன. நானும் எழுதியிருக்கிறேன். மகிழ்ச்சிக்குரிய விஷயம்தான். ஆனால் அவற்றைத் தொடர்ந்து வாசிப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கக்கூடும். எல்லாவற்றிலும் கால் வலிக்கிறது, முள் தைக்கிறது, தாகம் எடுக்கிறது. கடைசிப் பத்தியில் உச்சியை அடைந்ததும் எழுத்தாளருக்கு ஏதோ ஒன்று புலனாகிவிடுகிறது. வலியைக் கொடுத்துத் தரிசனத்தை வாங்கிக்கொள்ளலாம் என்று நாம் நம்பத் தொடங்கிவிட்டோம். கூடவே, நடக்க இயலாதவருக்கு அந்தத் தரிசனம் இல்லை என்பதையும் சொல்லாமல் சொல்லிவருகிறோம். இந்த இரண்டாவது நம்பிக்கையை எதிர்த்தே இதை எழுதுகிறேன்.

சென்ற தை மாதத்தில் நண்பர் ஒருவருடன் கன்னியாகுமரிக்குப் போயிருந்தேன். இளம்பிள்ளைவாதத்தால் இரு கால்களும் செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் இயங்குபவர். நெய்தல் திணைப் பாடல்களில் என்னைவிட ஆழ்ந்த பயிற்சி உள்ளவர். சூரிய உதயம் பார்க்க விடியுமுன்பே கிளம்பிவிட்டோம். தார்ச்சாலை முடியும்வரை சிக்கல் இல்லை. அதன்பின் படிகள். அலையோசை கேட்டது, உப்புக்காற்று முகத்தில் அடித்தது. முன்னால் நின்ற கூட்டத்தின் முதுகுகளைத் தவிர அவர் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. இளைஞர்கள் இருவர் வந்து, நாற்காலியோடு தூக்கிக் கீழே கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார்கள். நல்ல பிள்ளைகள். அவர் சிரித்தபடி மறுத்துவிட்டார். அறைக்குத் திரும்பியபின் சொன்னார்: "தூக்கிக்கொண்டு போனால் நான் கடலைப் பார்ப்பதைவிட, அங்கிருப்பவர்கள் என்னைப் பார்ப்பதுதான் அதிகமாக இருக்கும்."

இந்த அனுபவத்தை இலக்கிய நண்பர்கள் சிலரிடம் பகிர்ந்துகொண்டேன். வருத்தப்பட்டார்கள். பிறகு, கடலும் மலையும் அப்படித்தான், இயற்கை யாருக்காகவும் வளைந்துகொடுக்காது என்றார்கள். ஒப்புக்கொள்கிறேன். அலைக்கும் பாறைக்கும் யார்மீதும் பகையில்லை. ஆனால் அன்று சாலைக்கும் கடலுக்கும் நடுவே இருந்தது பாறை அல்ல, கட்டுமானம். யாரோ வரைபடம் போட்டு, மதிப்பீடு தயாரித்து, ஒப்பந்தம் விட்டுக் கட்டியது. அதே சிமெண்டில் சாய்தளமும் கட்டலாம். 1 அடி உயர்வதற்குக் குறைந்தது 12 அடி நீளம் என்ற கணக்கு பொறியாளர்கள் அறியாதது அல்ல. நம் முன்னோரும் அறியாதவர்கள் அல்ல. பழைய கோட்டைகளில் பீரங்கியை மதில்மேல் ஏற்றச் சரிவுப் பாதை வைத்தார்கள். கோயிலைச் சுற்றி நான்கு வீதிகளைத் தேர்ச் சக்கரத்தை மனத்தில் வைத்தே அமைத்தார்கள். பீரங்கிக்கும் தேருக்கும் வழிவிட்ட நமக்கு ஒரு நாற்காலியின் சக்கரம் மட்டும் ஏன் நினைவுக்கு வருவதில்லை?

கன்னியாகுமரியிலிருந்து நாகர்கோவில் போகும் வழியில்தான் சுசீந்திரம் இருக்கிறது. அங்கே கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் எல்லாச் சாதியினரும் நடக்க உரிமை கேட்டு 1926இல் சத்தியாகிரகம் நடந்தது. அதற்குச் சற்று முன்பு, 1924-25இல் வைக்கத்தில் நடந்ததும் அதே கோரிக்கைக்காகத்தான். கோயிலுக்குள் நுழையும் உரிமை 1936 நவம்பரில் வந்த திருவிதாங்கூர் ஆலயப் பிரவேசப் பிரகடனத்தில்தான் கிடைத்தது. முதலில் கேட்டது சாமியை அல்ல, தெருவை. சாதி விலக்கும் படிக்கட்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அங்கே இழிவுபடுத்தும் நோக்கம் இருந்தது. இங்கே பெரும்பாலும் மறதி. ஆனால் மறதியால் வெளியே நிறுத்தப்பட்டவரும் வெளியேதான் நிற்கிறார். பொதுவழி என்பது எல்லோருக்குமானது என்று நூறாண்டுக்கு முன் அடிபட்டு நிலைநாட்டிய மண்ணில், அதை மீண்டும் சொல்ல நேர்வது வெட்கக்கேடு.

இது கருணை கேட்கும் விஷயமும் அல்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. அணுகல் வசதிக்கான விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருக்க முடியாது, கட்டாயமான குறைந்தபட்சத் தரங்கள் வகுக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று தீர்ப்பளித்திருக்கிறது.

அடுத்த சமாதானம், பணம் இல்லை என்பது. விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 77 மீட்டர் நீளத்தில் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. செலவு 37 கோடி ரூபாய். பாலத்தின்மேல் சக்கர நாற்காலி தாராளமாக உருளும். ஆனால் அந்தப் பாலத்தை அடைய அலையில் ஆடும் படகில் ஏறி இறங்க வேண்டும். சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் திறக்கப்பட்ட 263 மீட்டர் மரப்பாதைக்கு ஆனது ஒரு கோடிக்குச் சற்று மேல். அதில் பலர் வாழ்நாளில் முதல்முறையாக அலையருகே போனார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அது சேதமடைந்தபோது, பணம் கடலில் போயிற்று என்று கேலி பேசியவர்கள் உண்டு. புயலில் சாலை அரித்துப்போனால் இனிச் சாலையே வேண்டாம் என்று நாம் சொல்வதில்லை. செப்பனிடுகிறோம். மரப்பாதையும் அப்படித்தான் செப்பனிடப்பட்டது.

நான் கேட்பது என்ன என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மருந்துவாழ்மலையின் உச்சிக்குத் தார்ச்சாலை போடச் சொல்லவில்லை. நாராயண குரு தவமிருந்த அந்த மலை, ஏற முடிந்தவர்களுக்கு இப்போதுள்ளபடியே இருக்கட்டும். ஆனால் கன்னியாகுமரியைச் சுற்றி அந்த மலை மட்டுமா இருக்கிறது? 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற சுசீந்திரம்-தேரூர் நீர்நிலைகள் இருக்கின்றன. குளக்கரை இயல்பிலேயே ஏற்ற இறக்கம் குறைந்த வழி. கான்கிரீட் வேண்டாம், கெட்டித்த செம்மண்ணே போதும், பறவைகளுக்கும் தொந்தரவில்லை. பழையாறு கடலோடு கலக்கும் மணக்குடிக் கழிமுகம் இருக்கிறது. வட்டக்கோட்டை இருக்கிறது. ஒவ்வோர் இடத்திலும் ஒரே ஒரு வழியையாவது தொடக்கத்திலிருந்து முடிவுவரை அறுபடாமல் அமைக்கலாம். நடுவில் ஒரு படி இருந்தாலும் மற்ற தூரமெல்லாம் வீண். வழிநெடுகிலும் நிழலும், முதியவர் உட்கார இருக்கையும், பார்வையற்றவர் கோலால் அறியத்தக்க ஓரமும், சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறையும் வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வேண்டியது உண்மையான தகவல். இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில், வேர்ட்ஸ்வொர்த் நடந்து திரிந்த அதே நிலத்தில், வேலி தாண்டும் ஏணிப்படிகள் இல்லாத பாதைகளைத் தனியே அடையாளப்படுத்தி, எல்லோருக்கும் ஏற்றவை, பலருக்கு ஏற்றவை, சிலருக்கு ஏற்றவை என்று வகைபிரித்து வைத்திருக்கிறார்கள். எந்த வழி தனக்கானது என்பதைப் போகிறவரே முடிவுசெய்துகொள்ளலாம். நம் ஊரில் ஒரு வழியின் நீளம், சரிவு, படிகளின் எண்ணிக்கை இவற்றை எழுதிவைக்க ஒரு தகரப் பலகை போதும்.

அப்படிப்பட்டவர்கள் இங்கே வருவதே இல்லையே என்பது கடைசிச் சமாதானம். வழி இல்லாததால் வரவில்லை. வராததால் வழி வேண்டாம் என்கிறோம். ஒருகாலத்தில் மருந்துவாழ்மலையை மூச்சிரைக்காமல் ஏறி இறங்கிய என் அக்கா இப்போது மூட்டுவலியால் வீட்டு வாசற்படியையே சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறாள். அவளும் வருவதில்லை. நாளை நானும் வரமாட்டேன்.

எழுதுகிறவர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. ஓர் இடத்தைக் கடினமானது என்பதற்காகவே புனிதமாக்கி எழுதும்போது, அதன் வாசலில் நாமும் ஒரு படியைக் கட்டிவிடுகிறோம். என் பழைய கட்டுரைகளை எடுத்துப் பார்த்தேன். மலைகளைப் பற்றியும் கடலைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். எத்தனை படிகள், எங்கே உட்காரலாம், சக்கரம் எதுவரை போகும் என்று ஒரு வரிகூட இல்லை. இனி எழுதும் பயணக் கட்டுரைகளில் அந்த வரிகள் இருக்கும். நண்பர்களும் தங்கள் கட்டுரைகளில் அவற்றைச் சேர்க்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். நம்முடன் வர விரும்பும் ஒருவர் வீட்டிலிருந்தபடி அதைத் தேடிக்கொண்டிருக்கக்கூடும்.