புல்லுக்கு மருந்து, கிணற்றுக்கு நஞ்சு

திருகோணமலைத் துறைமுகத்துக்கு வடக்கே, உப்புவெளியிலும் நிலாவெளியிலும் உள்ள உல்லாச விடுதிகளுக்குக் கடல் மட்டும் போதாது. முற்றத்தில் பச்சைப் புற்றரையும் வேண்டும். நீரையும் சத்தையும் தாங்காத மணலில் அந்தப் பச்சையைக் காக்க யூரியாவை அள்ளி வீசத்தான் கை போகும். அளவு மிஞ்சினால், பசளையின் உப்பு வேரிலிருந்தே நீரை இழுத்துவிடும்; புல் வைக்கோலாகும்.

அதற்கு எல்லோரும் சொல்லும் பரிகாரம் ஒன்றுதான்: தண்ணீரைத் தாராளமாகப் பாய்ச்சினால் பசளை போய்விடும். எங்கே போகும் என்று கேட்பார்தான் இல்லை.

யூரியாவில் 46 வீதம் நைத்திரசன். மண்ணில் அது நைத்திரேற்றாக மாறி, நீரோடு நிலத்தடிக்கு இறங்கும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. வரம்பு மீறிய நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் வலுவை இழக்கலாம். கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று நீங்காது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்திலும் கற்பிட்டி மணலிலும் கிணறுகள் இவ்வாறு கெட்டதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அங்கே பசளையிட்டவர்கள் வெங்காயமும் மிளகாயும் விளைவித்தார்கள். இங்கே விளைவது என்ன? விருந்தினரின் புகைப்படத்துக்கு ஒரு பின்னணி. விடுதிக்குப் போத்தல் தண்ணீர் வரும். அயல் வீட்டுக்குக் கிணறுதான் கதி.

கருகிய புற்றரையைத் திருத்த வேறு வழி உண்டு. நீர் படுமுன் கரையாத குறுணிகளைக் கூட்டி அள்ளுங்கள். செத்த புல்லை வாரி எடுத்துவிட்டு, காய்ந்த சருகையும் வைக்கோலையும் மேல்மண்ணில் கிளறிவிடுங்கள். அவற்றை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் எஞ்சிய நைத்திரசனைப் பிடித்துக்கொள்ளும். ஈரம் காயாத அளவுக்கு மட்டும் நீர் தெளியுங்கள். பிறகு அறுகு தானே ஓடிப் படரும். மாதக்கணக்காகும், ஆகட்டும்.

நான் இரசாயனப் பசளைக்கு எதிரியல்லன். 2021 ஏப்ரலில் அரசு அதன் இறக்குமதித் தடையை அறிவித்து, நவம்பரில் கைவிடுவதற்குள் நெல் விவசாயிகள் பட்ட பாடு போதும். நெல்லுக்குப் பசளை வேண்டும். அலங்காரப் புல்லுக்காக அடுத்தவர் கிணற்றைப் பலியிட எவருக்கும் உரிமை இல்லை.

விடுதிகளைச் சூழ்ந்த கிணறுகளின் நீரை ஆண்டுதோறும் பரிசோதித்து, முடிவைப் பிரதேச சபைகள் அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். புற்றரையின் உண்மை விலை அப்போது தெரியும்.