வெட்கப்பட வேண்டியது யார்?

"அழாதே, பிள்ளை பிடிக்கிறவன் வந்துவிடுவான்!"

இப்படிச் சொல்லித்தான் வீடுகளில் குழந்தைகளைப் பயமுறுத்துகிறார்கள். அவனுக்கு முரட்டு மீசை இருக்கும், தோளில் கோணிப்பை இருக்கும் என்று குழந்தை நினைத்துக்கொள்கிறது.

உண்மையில் அவன் அப்படி வருவதில்லை. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வருகிறான். கையில் பழமும் பூவும் கொண்டு வருகிறான். திண்ணையில் உட்கார்ந்து மோர் வாங்கிக் குடிக்கிறான். பல சமயம் அது அவன்கூட அல்ல, அவள்! தூரத்து உறவில் ஓர் அத்தை. பக்கத்துத் தெருவில் ஒரு சித்தி.

சிறுமிகளை விலைக்கு வாங்கி, விபசாரத்தில் தள்ளும் கும்பலின் ஆட்கள் இவர்கள். பையன்களும் இவர்களிடம் சிக்குவது உண்டு.

ஆசை வார்த்தை

விளைச்சல் பொய்த்த வீடு, கடன் முற்றிய வீடு, அப்பன் குடித்துச் சீரழிந்த வீடு: இவைதான் அவர்களுடைய குறி.

"பட்டணத்தில் நல்ல இடத்தில் வேலை. சாப்பாடு, துணிமணி எல்லாம் அவர்களே கொடுப்பார்கள். மாதம் பிறந்தால் சம்பளம் வரும்" என்பார்கள்.

"வரதட்சணை வேண்டாம். கல்யாணச் செலவும் மாப்பிள்ளை வீட்டாருடையது" என்பார்கள்.

கையில் செல்போன் உள்ள சிறுமிக்கு வேறு வலை. முகம் தெரியாத ஒருவன் அன்பாகப் பேசுவான். பல வாரம் பேசுவான். ஒரு படம் கேட்பான். படம் கைக்கு வந்ததும் குரல் மாறிவிடும். "நான் கூப்பிட்ட இடத்துக்கு வராவிட்டால் ஊருக்கெல்லாம் காட்டுவேன்" என்பான்.

பூட்டு எங்கே இருக்கிறது?

போய்ச் சேர்ந்த இடத்தில் பாஷை தெரியாது. தெரு தெரியாது. "உன்னை வாங்கப் பணம் கொடுத்திருக்கிறேன். அதை அடைக்காமல் போக முடியாது" என்று விடுதிக்காரி மிரட்டுவாள். அடி விழும்.

ஆனால், அடியைவிடக் கொடியது ஒரு கேள்வி.

"ஊருக்குத் திரும்பிப் போனால் உன்னை யார் சேர்த்துக்கொள்வார்கள்?"

இந்தக் கேள்விக்குச் சிறுமியிடம் பதில் இல்லை. வீட்டிலும் தெருவிலும் அவள் கேட்டு வளர்ந்த பேச்சு அப்படி. அறைக் கதவின் பூட்டைப் போலீசார் உடைத்துவிடலாம். இந்தப் பூட்டை உடைக்க அவர்களால் முடியாது. அதன் சாவி ஊராரிடம் இருக்கிறது.

அகப்பட்ட பெண்ணைக் "கெட்டுப்போனவள்" என்கிறார்கள். விற்றவனைப் பற்றி அப்படி ஒரு சொல் இல்லை. காசு கொடுத்து வந்தவனைப் பற்றியும் இல்லை. அவன் மறுநாள் குளித்துவிட்டு, திருநீறு பூசிக்கொண்டு கடைத் திறப்புக்குப் போகிறான். கெட்டவன் அவன்! கெட்ட பெயர் குழந்தைக்கா?

கைநழுவும் நேரம்

பெண்ணைக் காணவில்லை என்றதும் பெற்றோருக்கு முதலில் வரும் பயம் என்ன? "வெளியே தெரிந்தால் சின்னவளுக்கு மாப்பிள்ளை கிடைக்காதே!"

ஆகவே புகார் கொடுப்பதில்லை. உறவினர் வீடுகளில் ரகசியமாகத் தேடுகிறார்கள். இரண்டு நாள் போகிறது. ஒரு வாரம் போகிறது. அதற்குள் ரெயில் இரண்டு மாநிலங்களைத் தாண்டிவிடுகிறது. மானத்துக்குப் பயந்து மறைத்த அந்த ஒரு வாரம், கும்பலுக்குக் கிடைத்த வெகுமதி.

"நாலு நாள் பொறுத்துப் பார்க்கலாம், யாரோடாவது ஓடிப்போயிருப்பாள்" என்று போலீசாரும் தட்டிக் கழிக்கக் கூடாது. குழந்தை காணாமற்போனதாகப் புகார் வந்தால் வழக்குப் பதிவு செய்ய வேண்டும்; கடத்தலாக இருக்கலாம் என்றே கருதி விசாரிக்க வேண்டும். இது 2013-ஆம் ஆண்டு மே 10-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு இட்ட உத்தரவு.

சட்டம் யார் பக்கம்?

மனிதரை வாங்கி விற்பதை இந்திய அரசியல் சட்டத்தின் 23-வது பிரிவு தடை செய்கிறது. விபசாரத் தொழில் நடத்துவோரை ஒடுக்க 1956-ல் தனிச் சட்டம் வந்தது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் "போக்சோ" சட்டம் 2012-ல் வந்தது. 18 வயது நிறையாத எல்லோரும் அந்தச் சட்டத்தின் கண்ணில் குழந்தைகளே.

2024-ஆம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்த புதிய குற்றச் சட்டப்படி, குழந்தையைக் கடத்தி விற்றவனுக்குக் குறைந்தது 10 ஆண்டு கடுங்காவல். ஆயுள் தண்டனையும் கிடைக்கலாம். "அவளே சம்மதித்துத்தான் வந்தாள்" என்ற சாக்கு எடுபடாது.

காசு கொடுத்து வந்தவனும் தப்ப முடியாது. 16 வயதுக்குக் குறைந்த குழந்தையைப் பலாத்காரம் செய்தவனுக்குக் குறைந்தது 20 ஆண்டு சிறை என்று 2019-ல் போக்சோ சட்டம் திருத்தப்பட்டது. வாங்க ஆள் இல்லாவிட்டால் விற்க ஆள் வரமாட்டான்.

குழந்தையைப் போலீஸ் நிலையத்தில் இரவு தங்கவைக்கக் கூடாது. அவளுடைய வீட்டிலோ, அவள் விரும்பும் இடத்திலோ வாக்குமூலம் வாங்கலாம். அப்போது போலீஸ் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது. பெயரையோ படத்தையோ பத்திரிகைகள் வெளியிடக் கூடாது. பத்திரிகைக்கு உள்ள இந்தக் கட்டுப்பாடு, குழாயடிப் பேச்சுக்கும் வேண்டாமா?

வறுமை மட்டுமா காரணம்?

"வறுமை ஒழியாமல் இது ஒழியாது" என்பவர்கள் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. ஆனால், ஏழை வீட்டுக் குழந்தைகள் எல்லோரும் விற்கப்படவில்லை. கும்பலுக்குக் கதவைத் திறந்துவிடுவது வறுமை. குழந்தை திரும்பி வரும் கதவை அடைப்பது ஊரார் பேச்சு. வறுமை தீரக் காலம் ஆகும். பேச்சை இன்றைக்கே நிறுத்தலாம்.

"பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்தால் போதும்" என்பவர்களும் உண்டு. இது தவறு. பள்ளிக்குப் போகும் பெண் ஒரு நாள் வராவிட்டால் ஆசிரியை கேட்பாள். வீட்டில் அடைந்த பெண் காணாமற்போனால் கேட்பதற்கு யார்?

கதவைத் திறந்த கை

தேவதாசி முறையை எதிர்த்துப் போராடியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அந்த முறையிலிருந்து தப்பி வந்த சிறுமிகளுக்கு அன்று தங்க இடம் கிடைக்கவில்லை. அவர் தம் வீட்டுக் கதவையே அவர்களுக்குத் திறந்துவிட்டார். அப்படித்தான் 1930-ல் சென்னையில் அவ்வை இல்லம் பிறந்தது. தேவதாசியாகப் பொட்டுக் கட்டுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது 1947-ல்தான். சட்டம் வரும் என்று அவர் காத்திருக்கவில்லை. முதலில் கதவைத் திறந்தார்.

செய்ய வேண்டியது

வேலை என்றோ, சம்பந்தம் என்றோ யார் வந்தாலும் விலாசத்தைக் கேட்டு, நேரில் போய் விசாரிக்காமல் பெண்ணை அனுப்பக் கூடாது. படத்தைக் காட்டி மிரட்டுகிறான் என்று மகள் சொன்னால் அவளை அடிக்கக் கூடாது. பயமில்லாமல் சொல்ல வீட்டில் ஒருவராவது இருக்க வேண்டும்.

குழந்தையைக் காணவில்லையா? அந்த மணியிலேயே புகார் கொடுக்க வேண்டும். 1098 என்ற எண்ணுக்கு இரவு பகல் எந்த நேரமும் டெலிபோன் செய்யலாம். காசு கிடையாது.

பஸ் கண்டக்டர், ஆட்டோ டிரைவர், லாட்ஜ்காரர் கண்ணிலும் இது படும். மிரண்ட முகத்தோடு ஒரு சிறுமி, அவளைப் பேசவிடாமல் பக்கத்தில் ஒரு ஆள் என்றால் சொல்லிவிட வேண்டும். நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மீது வழக்கு வராது. குற்றம் தெரிந்தும் சொல்லாதவருக்குத்தான் தண்டனை உண்டு.

கடைசியாக, மீட்கப்பட்ட குழந்தை வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது, "ஏன் போனாய்?" என்று கேட்பது முதல் வார்த்தையாக இருக்கக் கூடாது. "வா கண்ணே, சாப்பிடு" என்பதுதான் முதல் வார்த்தை.

தலை குனிய வேண்டியவன் விற்றவன். தலை குனிய வேண்டியவன் வாங்கியவன். குழந்தை நிமிர்ந்து நடக்கட்டும்!